குதிரைக்கு வைத்த பூ

மலாக்காவில், காஜா பெராங்கில் குடியிருந்த முதல் வருஷம் முழுக்க நான் முழங்காலை மடக்கிக்கொண்டுதான் நடந்தேன். காலில் ஊனம் ஒன்றும் கிடையாது. கைலியைத் தரையில் புரளும்படி கட்டி, உள்ளே இரண்டு முழங்காலையும் மடித்துக்கொண்டு வாத்து மாதிரி நடந்தால் ஒரு சாண் உயரம் குறையும். அந்த ஒரு சாண்தான் அப்போது எனக்கும் சயாமுக்கும் நடுவே இருந்த தூரம்.

ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆள் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பு கணக்கெழுதும் கிராணியிடம் இருந்தது. வெள்ளைக்காரத் துரை இருந்தவரை ரப்பர் பாலை அளந்த மனிதர், துரை ஓடிப்போன பிறகு ஆட்களை அளக்க ஆரம்பித்தார். வயதைக் கேட்டால் ஆளுக்கு ஒரு பொய் சொல்கிறார்கள் என்று ஒரு மூங்கில் கழி வைத்திருந்தார். அதில் கத்தியால் ஒரு கீறல். தலை கீறலுக்கு மேலே போனால் லாரி, கீழே நின்றால் வீடு. என் அப்பா நல்ல உயரம். "மூணு மாசத்துல வந்துருவேன், புள்ளைங்களப் பாத்துக்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு லாரியில் ஏறினார். அந்த மூன்று மாசம் வந்து போய், அதற்குப் பிறகும் பல மாசம் போனது. அம்மா காய்ச்சலில் செத்துப்போனாள்.

மூத்த பிள்ளை நான்தான். முறைப்படி மொட்டை அடித்துக்கொண்டு கொள்ளி வைத்தேன். மறுநாள் கிராணி நாங்கள் குடியிருந்த கூலி லயத்துக்கு வந்து துக்கம் விசாரித்தார். நல்லவிதமாகத்தான் பேசினார். எழுந்து போகும்போது கழியை என் பக்கத்தில் நிறுத்தி ஒரு பார்வை பார்த்தார். கீறல் என் உச்சந்தலையை உரசிக்கொண்டு நின்றது.

"அடுத்த லாரிக்குச் சரியா இருப்படா" என்றார், தீபாவளிச் சட்டைக்கு அளவெடுத்த தையற்காரர் மாதிரி.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. விடிந்ததும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவளுக்கு அப்போது ஆறு வயசு இருக்கும். பாதி வழி நடந்தாள், பாதி வழி என் முதுகில் வந்தாள். நான் லாரியில் போனால் அவளை வைத்துக்கொள்ள லயத்தில் யாரும் இல்லை. எல்லார் வீட்டிலும் அதே கஞ்சி, அதே காய்ச்சல்.

மலாக்கா டவுனுக்குள் நுழைந்து மாரியம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். கோயிலுக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். நெற்றியில் விபூதி, குங்குமம். இடுப்பில் பூப்போட்ட சாரோங், மேலே கெபாயாச் சட்டை. முகம் எங்கள் அம்மா முகத்துக்கு அக்கா முறை. நான் எங்கள் கதையை முழுசாகத் தமிழில் சொல்லி முடித்தேன். அவர் அக்கறையாகக் கேட்டுவிட்டு, மலாயில் பதில் சொன்னார்.

தங்கச்சி என் காதில், "அண்ணே, இவுங்களுக்கு தமிழு மறந்துபோச்சா?" என்றாள்.

மறந்தது அவரில்லை. அவர் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலேயே மறந்துவிட்டார்கள். மலாக்காச் செட்டி வீட்டார் அப்படித்தான். சாமிக்குப் பெயர் தமிழ், கும்பிடுவது நம் மாதிரி, பேச்சு மட்டும் மலாய். பெரியம்மா என்கிற மாதிரி, பிபிக் என்று கூப்பிடச் சொன்னார். சமையற்கட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கும் கொட்டகையில் இடம் கொடுத்தார். முதல் வேலையாக எங்கள் இருவர் தலையையும் பார்த்து, "அடோய்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு, என் தலையில் முளைத்திருந்ததையும் தங்கச்சி தலையில் பேன் குடியிருந்ததையும் ஒன்றாக மழித்துவிட்டார். முழங்கால் நடையைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அவர் எங்களோடு பேசியதெல்லாம் மலாய். எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

"உயரமா இருந்தா பிடிப்பான்னா, குள்ளமா இரேன். இதுக்கு எதுக்கு ஊரை விட்டு ஊரு ஓடுறது?"

பிபிக் வீட்டுக்கு எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு பங்களா. அதிலிருந்த பணக்காரர்கள் சண்டை ஆரம்பித்ததும் போய்விட்டார்கள். சுற்றிலும் இடுப்பளவுக்குச் செம்பருத்தி வேலி. நாங்கள் வந்த கொஞ்ச நாளில் அந்தப் பங்களாவில் ஜப்பான் சிப்பாய்கள் சிலர் குடிவந்தார்கள். உஜோங் பாசிர் பக்கம் இருந்த முகாம்களுக்கு லாரியில் அரிசியும் சாமானும் கொண்டுபோகிற கூட்டம். ஒரு சார்ஜெண்ட், லாரி ஓட்டுகிறவர்கள், ஒரு சமையற்காரன்.

வெயிலில் தொப்பியைக் கழற்றி, வரிசையாக நின்று முகம் கழுவினார்கள். எல்லார் தலையும் மொட்டை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சி என் கைலியைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, இத்தன பேருக்குமா அம்மா செத்துப்போச்சு?"

எங்களுக்குத் தெரிந்து மனிதன் மொட்டை அடிக்க மூன்று காரணம்தான். ஒன்று துக்கம், இன்னொன்று வேண்டுதல், மூன்றாவது பேன். சிப்பாய்கள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். இவ்வளவு சுத்தமாகக் குளிக்கிறவர்களுக்குப் பேன் இருக்காது. அவள் கணக்கில் நான் என்ன தப்பு சொல்ல முடியும்?

"ஆமா புள்ள, சும்மா இரு" என்றேன்.

அதுதான் நான் செய்த வேலை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவள் செய்தது.

அப்போது சிப்பாயைக் கடந்து போகிற யாரும் நின்று இடுப்பு வளையக் குனிந்து கும்பிட வேண்டும். இல்லையென்றால் அறை. நாங்கள் பார்க்க, தெங்கேராவிலிருந்து மீன் கொண்டுவருகிற ஆள் கூடையோடு சரியாகக் குனிய முடியாமல் அறை வாங்கினார். குனிந்தபோது மீன் கொட்டியதால் இன்னொன்றும் வாங்கினார். அப்படிப்பட்ட வாசலுக்குள் தங்கச்சி ஒரு நாள் காலையில் நேராக நடந்து போனாள். குனியவும் இல்லை, கும்பிடவும் இல்லை. கையில் பிபிக் காலைக்குக் கொடுத்த அவித்த மரவள்ளிக்கிழங்கு.

கிணற்றடியில் சமையற்காரன் குந்தி உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். ஒல்லியான ஆள், மூக்குக்கண்ணாடி, கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். தங்கச்சி அவன் எதிரில் குந்தினாள். கிழங்கைப் பாதியாகப் பிய்த்து நீட்டினாள்.

"அழுவாத. எங்கம்மாவும்தான் செத்துப்போச்சு. சாப்புடு."

நான் வேலிக்குப் பின்னால் நின்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். பிபிக் என் பின்னால் நின்று மலாயில் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சமையற்காரன் புறங்கையால் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவளையும் கிழங்கையும் பார்த்தான். அவளுடைய மொட்டைத் தலையைப் பார்த்தான். தன் தலையைத் தடவினான். கிழங்கை வாங்கிச் சாப்பிட்டான். பிறகு அவன் பாஷையில் வெகுநேரம் என்னவோ சொன்னான். அவள் தமிழில் லயத்துக் கதையெல்லாம் சொன்னாள். ஒருவர் பேசியது மற்றவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் இருவரும் முறை வைத்துப் பேசினார்கள், ஒருவர் பேசும்போது மற்றவர் தலையாட்டினார். நான் பிறகு எத்தனையோ ஊர் சுற்றி எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவு ஒழுங்காகப் பேசிக்கொண்டவர்களைப் பார்த்ததில்லை.

திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு சோற்று உருண்டை. பச்சரிசிச் சோறு. நாங்கள் அதை உட்கார்ந்து பார்த்தோம். பிபிக் அதை மூன்றாகப் பிட்டார்.

"அவரு ரொம்ப அழுதாருண்ணே" என்றாள் தங்கச்சி, வாயில் சோற்றோடு.

அன்றிலிருந்து அவள் அங்கே போவதை யாராலும் நிறுத்த முடியவில்லை. சார்ஜெண்டிடம் மட்டும் கொஞ்சம் பயம். குள்ளமான, மீசை வைத்த ஆள். தினம் காலையில் சமையற்காரனை ஓர் அறை அறைவார். உப்பு கூடினால் கூடினதற்கு, குறைந்தால் குறைந்ததற்கு. சந்து முழுக்கச் சத்தம் கேட்கும். "சோறு வெந்துருச்சுண்ணே" என்று தங்கச்சி எழுந்து ஓடுவாள்.

ஒரு நாள் சமையற்காரன் சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு படத்தை எடுத்து அவளிடம் காட்டினான். நானும் அதற்குள் தைரியம் வந்து கிணற்றடி வரை போக ஆரம்பித்திருந்தேன், வாத்து நடையோடுதான். படத்தில் ஒரு பருத்த அம்மாள், கையை மடியில் வைத்து, நல்ல ஆரோக்கியமாக உட்கார்ந்திருந்தார். அவன் 'நான்' என்கிற மாதிரி தன் மூக்கைத் தொட்டுக் காட்டினான், படத்தைக் காட்டினான். அம்மா என்று எனக்கே புரிந்தது.

எங்கள் தோட்டத்தில் மொத்தமாகவே ஒரு படம்தான் இருந்தது. ஆட்களை மேய்க்கும் தண்டல் வீட்டுச் சுவரில் தண்டலுடைய செத்துப்போன தகப்பனார் படம். அதற்கு வெள்ளிக்கிழமை தவறாமல் மாலை. ஆகையால் படத்தில் இருப்பவர்கள் யார் என்பதில் தங்கச்சிக்குச் சந்தேகமே வந்ததில்லை. அவள் எழுந்து போய் வேலியிலிருந்து ஒரு செம்பருத்தி பறித்துக்கொண்டு வந்தாள். படத்தைக் கிணற்றுக் கல்லில் சாய்த்து வைத்து, தலைக்கு மேல் பூவை வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

உயிரோடு இருக்கிறவர் படத்துக்குப் பூ வைப்பது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்தால்? சமையற்காரன் கண்ணாடியைக் கழற்றினான். அன்றைக்கு வெங்காயம் ஒன்றும் நறுக்கவில்லை. எழுந்து நின்று, எங்கள் ஊர் ஆட்கள் அவர்களுக்குக் குனிவது போலவே, ஆறு வயசுப் பெண்ணுக்கு இடுப்பு வளையக் குனிந்தான். பிறகு ஒரு டின் மீனை உடைத்தான்.

விஷயம் மற்றச் சிப்பாய்களுக்கும் பரவிவிட்டது. லாரி ஓட்டுகிற ஒருவன் தன் பெண்டாட்டி படத்தைக் கொண்டுவந்தான். மடியில் ஒரு கைக்குழந்தை. தங்கச்சி படத்தை வாங்கிப் பார்த்ததும் வாய்விட்டு அழுதாள்.

"ஐயோ, கைப்புள்ளையும் சேந்து போச்சே."

பெரிசாக ஒரு பூ, சின்னதாக ஒரு மொட்டு வைத்தாள். அவன் சந்தோஷத்தில் கைநிறையச் சர்க்கரை கொடுத்தான். இன்னொருவன் அப்பா, அம்மா, அக்கா, தங்கைகள் என்று வீட்டோடு எடுத்த படத்தை நீட்டினான். அவள் என்னைப் பார்த்து மெதுவாக, "அம்மை கண்டுருக்குமோ?" என்றாள். வேலியில் அன்றைக்கு மிச்சம் பூ இல்லை. ஜப்பான் தேசத்தில் நல்லபடியாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்களை அவள் ஒவ்வொன்றாகக் கரையேற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சாவுக்கும் எங்கள் வீட்டில் சோறு பொங்கியது.

"புள்ள, உசுரோட இருக்கறவங்களுக்குப் பூ வைக்கக் கூடாது" என்று கொட்டகையில் வைத்துச் சொல்லிப் பார்த்தேன்.

"உசுரோட இருந்தா ஏன் படத்துல இருக்காங்க?"

"அவங்க ஊருல அப்படித்தானாம்."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லைதான். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "நம்ம அம்மாக்குத்தான் படமே இல்ல" என்றாள்.

கடைசியில் சார்ஜெண்டே வந்தார். எல்லாரும் விலகி நின்றார்கள். மேல் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து, விறைப்பாக நின்றபடி நீட்டினார். படத்தில் இருந்தவர் சார்ஜெண்டேதான். அதே மீசை, அதே விறைப்பு. பக்கத்தில் ஒரு குதிரை. தங்கச்சி படத்தைப் பார்த்தாள், நிமிர்ந்து சார்ஜெண்டைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். இரண்டு எட்டு பின்னால் வந்து என் கைலிக்குள் ஒண்டிக்கொண்டாள்.

"அண்ணே, இவரு பேயா?"

"இல்ல புள்ள. பூவ வச்சுத் தொல."

"செத்தவரு எப்படி அறையறாரு?"

சார்ஜெண்ட் முகத்தில் மீசை அசைய ஆரம்பித்தது. எனக்குக் கால் தானாகவே மடங்கிக்கொண்டு வந்தது, அதற்கு மேல் மடக்க இடமில்லாமல். தங்கச்சி யோசித்தாள். அவருடைய காலைக் கையால் தொட்டுப் பார்த்தாள். திரும்பப் படத்தை உற்றுப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

"குதிரதாண்ணே செத்துருக்கு" என்று சொல்லி, பூவைக் குதிரையின் தலைக்கு நேராக வைத்தாள்.

சார்ஜெண்ட் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார். பூ கீழே விழுந்துவிடாமல் கட்டைவிரலால் பிடித்திருந்தார். பிடித்தபடியே உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் அறைச் சத்தம் கேட்கவில்லை. சோறு வேகவே இல்லை என்று நினைத்துத் தங்கச்சி மத்தியானம் வரை படுத்துக் கிடந்தாள். அந்தக் குதிரைக்கு உண்மையில் என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததில் ஒரு கேடு வந்து சேர்ந்தது. நான் வளர்ந்தேன். ஊரெல்லாம் கிழங்கு தின்று ஒடுங்கிக்கொண்டிருக்க, எனக்குத் தோள் அகன்றது, கைலி கணுக்காலுக்கு மேலே ஏறியது. முழங்காலை மடித்தாலும் பிபிக் காதுக்கு மேலே நின்றேன்.

பிபிக் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உன்னைக் கொழுக்க வைக்கிறது ஒரு ஜப்பான்காரன், பிடிச்சிட்டுப் போகப்போறது இன்னொருத்தன்" என்றார். "கொஞ்சமாச் சாப்பிடு."

சோற்றைப் பார்த்த பிறகு கொஞ்சமாகச் சாப்பிட யாருக்கு வரும்?

ஒரு நாள் காலையில் ஒருவன் தகரத்தைத் தட்டிக்கொண்டு சந்து சந்தாகப் போனான். கோயில் முச்சந்தியில் இலவசமாகத் துணி கொடுக்கிறார்களாம். தங்கச்சி மாவுச் சாக்கில் கை விட ஓட்டை போட்டதைத்தான் மாட்டிக்கொண்டிருந்தாள். என் கைலியோ சொல்லவே வேண்டாம். பிபிக், "ஜப்பான் ராஜியத்துல எது சும்மா கிடைக்குது? போகாதே" என்றார். நான் போனேன். லாரியின் பின்பக்கம் நிஜமாகவே துணிக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. புக்கிட் பாரு பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வரிசையில் நின்றிருந்தார்கள். நானும் காலை மடக்கிக்கொண்டு போய் நின்றேன். வரிசை நன்றாகச் சேர்ந்த பிறகு, தடியோடு கூலியாட்கள் சந்தின் இரண்டு முனையையும் அடைத்தார்கள். லாரிக்கு முன்னாலிருந்து எங்கள் தோட்டத்துக் கிராணி இறங்கி வந்தார். கையில் அந்தக் கழி.

என்னைப் பார்த்ததும் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

"டேய், நம்ம லயத்துப் பயலா? எங்கடா காணாமப் போன? என்னடா இது, ஆளு அகலமாத்தான் வளந்துருக்க, உயரத்தைக் காணோம்?"

"காய்ச்சலுங்கய்யா" என்றேன்.

கழியை நிறுத்தினார். கீறல் என் தலைக்கு மேலே. அவர் நகர்ந்திருப்பார். ஆனால் அந்தக் கைலி குட்டையாகிப் போயிருந்ததே, என் கெண்டைக்கால் சாய்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"கைலியத் தூக்குடா."

தூக்கினேன்.

"இப்ப நேரா நில்லு."

நிமிர்ந்தேன். வரிசையில் இருந்தவர்கள் ஓ என்றார்கள். ஓர் ஆள் கண்ணெதிரே முளைப்பதை அவர்கள் பார்த்ததில்லை. கீறல் என் புருவத்துக்கு வந்தது. கிராணி என் முதுகைத் தட்டினார். "இதுக்கு மூளை வேணும்டா. சயாமுல நல்லாப் பொழைப்ப" என்று லாரியில் ஏற்றிவிட்டார்.

அந்த முச்சந்தியில் லாரி நின்றிருந்தது பங்களா வேலிக்குப் பக்கத்தில். தங்கச்சி உள்ளேயிருந்து மாவுச் சாக்கு மடியில் செம்பருத்தியோடு வெளியே வந்தாள். என்னை மேலே பார்த்தாள். அவள் கத்தவில்லை. லாரி என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அப்பா ஏறியதைப் பார்த்தவள். சக்கரத்தில் கால் வைத்து ஏறி, பலகையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பூவை எடுத்து என் தலையில் வைத்தாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.

"எறங்குண்ணே" என்றாள். இன்னொரு பூ வைத்தாள். "எறங்கு." இன்னொன்று.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், நல்ல மனிதர், சூழ்நிலையை லேசாக்கப் பார்த்தார். "என்ன பாப்பா, அண்ணனுக்கு மட்டும்தானா? நமக்கு ஒண்ணு கிடையாதா?" என்று தலையைக் குனிந்தார். அவள் அவருக்கும் வைத்தாள். அந்தப் பூ எதற்கு என்று அந்த லாரியில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொல்லவில்லை.

பூக்காரியைக் காணோமே என்று சமையற்காரன் அகப்பையோடு வாசலுக்கு வந்தான். வேலியோரம் அவள், லாரியில் நான், என் தலையெல்லாம் அவன் அம்மாவுக்கு வைத்த அதே பூ. அவன் அதிலிருந்து என்ன புரிந்துகொண்டானோ, அகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

ஜப்பான் உடுப்பைப் பார்த்ததும் கிராணி கழியைக் கீழே போட்டுவிட்டு இடுப்பு ஒடியக் குனிந்தார். கூலியாட்களும் குனிந்தார்கள். வரிசையில் நின்றவர்களும் குனிந்தார்கள். சமையற்காரன் நின்று, யாருக்குக் குனிகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. அவன் பட்டாளத்திலேயே கடைசி ஆள். அவனுக்குக் கீழே அந்தப் பங்களாவில் பூனைதான் உண்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தெருவே தனக்குக் குனிந்து நிற்பதை அவன் கொஞ்சம் நேரம் ரசித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாக்கேரோ" என்றான். மலாக்காவில் கைக்குழந்தைக்கும் தெரிந்த ஜப்பான் வசவு அது. அவன் அதைத் தினம் வாங்கிப் பழகியவனே தவிர, கொடுத்துப் பழகியதில்லை. பாதியில் குரல் உடைந்து கீச்சென்றது. மறுபடி சொன்னான். இந்த முறை நன்றாக வந்தது. உற்சாகம் வந்து, காலி மண்ணெண்ணெய் டின் ஒன்றை இழுத்து வந்து அகப்பையால் அடித்தான். என்னைக் காட்டினான், டின்னைக் காட்டினான், கிணற்றைக் காட்டினான், தன் அடுப்பைக் காட்டினான், கடைசியில் கிராணியின் மூக்குக்கு நேராக அகப்பையை நீட்டினான். அதிலிருந்து குழம்பு சொட்டியது.

கிராணி குனிந்தபடியே என்னைப் பார்த்து, "டேய், நீ தொரையோட தண்ணிக்காரனா? மொதல்லயே சொல்றதுக்கென்னடா? எறங்குடா சீக்கிரம்" என்றார்.

நான் இறங்கினேன். சமையற்காரன் கிராணியை இன்னொரு தடவை குனிய வைத்தான். அதற்கு ஒரு தேவையும் இல்லை.

லாரி மற்றவர்களோடு போய்விட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தலையில் செம்பருத்தியோடு போனார். வளைவு திரும்பும்வரை அது தெரிந்தது.

பங்களாவில் குழம்பு தீய்ந்துபோயிருந்தது. அதற்காகச் சமையற்காரனுக்குக் கிடைத்த அறை கோயில் வரை கேட்டது. சார்ஜெண்ட் என்னையும் அறையப்போகிறார் என்று நின்றேன். அவர் என்னையும் என் தலையில் ஒட்டியிருந்த பூவையும் பார்த்தார். உள்ளே போய், ஏதோ எழுத்து எழுதிய ஒரு துணிப்பட்டையைக் கொண்டுவந்து என் கையில் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு கிராணி என்னைத் தெருவில் கண்டால் "என்ன தம்பி, சௌக்கியமா" என்று கேட்பார். ஒரு தடவை, மீன் டின் ஒன்று கிடைக்குமா என்றும் கேட்டார்.

தங்கச்சிக்குத்தான் நிம்மதி இல்லை. எனக்குப் பூ வைத்துவிட்டாளே. கொட்டகையில் என் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்றாள். என் மூக்கில் கை வைத்து வைத்துப் பார்த்தாள். பிபிக் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இது நாம் தீர்க்கிற காரியமில்லை என்று எங்களைக் கோயிலுக்கு இழுத்துப் போனார். என் தலையில் இருந்த பூக்களைப் பொறுக்கி அம்மன் காலடியில் வைத்து, மலாயில் அழுத்தமாகப் பேசினார். தவறுதலாக வந்துவிட்டது, திரும்ப எடுத்துக்கொள் என்றார். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். தங்கச்சி என்னைக் கிள்ளிப் பார்த்து, நான் கத்திய பிறகுதான் நம்பினாள்.

அதற்குப் பிறகு அந்தச் சிப்பாய்கள் பங்களாவில் இருந்தவரை தண்ணீர் சுமந்தேன். தோளில் கம்பு, கம்பின் இரு முனையிலும் டின். முழங்கால் மட்டும் பழக்கத்தில் மடங்கிக்கொண்டே இருந்தது. சமையற்காரன் அதை ஏதோ நோய் என்று நினைத்து, தினம் காலையில் என் முழங்காலின் பின்பக்கம் அகப்பைக் காம்பால் தட்டி நிமிர்த்துவான். இன்றைக்கும் நான் நேராக நடக்கிறேன் என்றால் அவன் தட்டியதுதான்.

அவர்களுக்கு ஊர் மாற உத்தரவு வந்தபோது சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை. லாரியில் வரிசையாக மொட்டைத் தலைகள். தங்கச்சி வேலிக்கு ஓடினாள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் புள்ள. கையை மட்டும் ஆட்டு."

ஆட்டினாள். சமையற்காரன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டிக்கொண்டே போனான். அதற்குள் அவன் அம்மா இருந்தார்.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து கொஞ்சம் பேர் திரும்பினார்கள், அப்பா வரவில்லை. வந்தவர்களிடம் நான் விசாரித்தேன், தங்கச்சி விசாரிக்கவில்லை. அப்பாவுக்குப் படம் கிடையாது, ஆகையால் அவர் சாகவில்லை என்பது அவள் கட்சி. வளர்ந்து, கல்யாணமாகி, தெங்கேராவில் பிள்ளை குட்டியோடு இருந்தபோதும் அதை அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

பிற்பாடு வெள்ளைக்காரன் திரும்பி வந்து எல்லாருக்கும் படம் ஒட்டிய அடையாளக் கார்டு கொடுத்தான். என் வாழ்க்கையில் முதல் படம் அது. நான் ஓர் ஊரில் நிலைத்து நிற்கிறவன் இல்லை. கப்பலில் வேலை, லாரியில் வேலை, கெடாவில் கரும்பு, சிங்கப்பூரில் சும்மா. நடுநடுவே வந்து தங்கச்சி வீட்டில் தங்குவேன். கார்டைப் பார்த்ததும் அவள் என் கையிலிருந்து வாங்கி, அரிசி டின்னின் அடியில் புதைத்து வைத்தாள். சுவரில் இருந்தால்தானே யாராவது பூ வைப்பார்கள்.

அந்தக் கார்டு இல்லாமல் வெளியூர் போனால் போலீஸ் பிடிக்கும். ஆகையால் நான் எப்போது ஊரைவிட்டுக் கிளம்பினாலும் அரிசிக்குள் தோள் வரை கையை விட்டுத்தான் கிளம்ப வேண்டும். எவ்வளவு மெதுவாக விட்டாலும் அரிசி சரசரக்கும். வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அவளுக்குக் கேட்டுவிடும்.

"எங்கண்ணே?" என்று குரல் வரும்.

"எங்கேயும் இல்ல புள்ள" என்று நான் கையை உதறிவிட்டு, இன்னும் ஒரு வேளை சாப்பிட உட்காருவேன்.